தாத்தாவின் வால்வு ரேடியோ: ‘சும்மா அரை நிமிஷம் போட்டுப் பார்க்கலாமா?’

கேள்வி: பழைய வீட்டைச் சீர் செய்வதற்காகப் பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் ரேடியோ கிடைத்தது. மரப்பெட்டி, முன்னால் துணி. மூன்று குமிழில் ஒன்றைக் காணோம். அது கடைசியாகப் பாடி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார் அம்மா. பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஐந்து கண்ணாடி வால்வுகள்: யு.சி.எச். 81, யு.எஃப். 89, யு.பி.சி. 81, யு.எல். 84, யு.ஒய். 85. நூல் சுற்றிய ஒயர், இரண்டு பின் ப்ளக். ‘சும்மா அரை நிமிஷம் போட்டுப் பார்ப்போமே’ என்கிறான் தம்பி. ஊரிலுள்ள மெக்கானிக் ஒருவர், ‘உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு ப்ளூடூத் வைத்துத் தருகிறேன்’ என்கிறார். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, தேவகோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் பதில் உங்கள் தம்பிக்கு. தம்பி, அந்த ப்ளக்கைக் கீழே வையுங்கள். அரை நிமிஷம் என்ன, அரை விநாடி கூட வேண்டாம்.

வால்வு நம்பர்களை ஒன்று விடாமல் எழுதி அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி. பலர் பெட்டியின் முகத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி, ‘இது நல்ல கம்பெனியா சார்?’ என்று கேட்பார்கள். கம்பெனி பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? ரேடியோவுக்கு வால்வு நம்பர்தான் ஜாதகம். உங்கள் ஐந்து வால்வும் ‘யு’வில் தொடங்குகின்றன. அந்த ஒரு எழுத்தைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்த வகை நம்பர்களில் முதல் எழுத்து, வால்வுக்குள் இருக்கும் ஃபிலமெண்டுக்கு என்ன தீனி வேண்டும் என்பதைச் சொல்லும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட். அந்த செட்டில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்து மெயின்ஸைக் குறைத்துக் கொடுக்கும். ‘டி’ என்றால் 1.4 வோல்ட், பாட்டரியில் ஓடுவது. ‘யு’வுக்கு வோல்ட் கணக்கு இல்லை, கரண்ட் கணக்கு. எல்லா வால்வும் ஒரே 100 மில்லி ஆம்பியர் கரண்டில் எரிய வேண்டும். அதற்கு ஐந்து ஃபிலமெண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே மெயின்ஸில் கொடுத்துவிடுவார்கள். திருவிழாவுக்குக் கட்டும் சீரியல் பல்பு மாதிரிதான். ஒன்று அவிந்தால் எல்லாம் அவியும்.

உங்கள் செட்டுக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரிசையாக 19, 12.6, 14, 45, 38. கூட்டினால் 128.6 வோல்ட். வீட்டுக்கு வருவது 230. மீதி 101 வோல்ட்டை எங்காவது கரைத்தாக வேண்டும். அதற்குத்தான் உள்ளே சுமார் ஆயிரம் ஓம் அளவில் பெரிய பீங்கான் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். ‘டிராப்பர்’ என்போம். 101 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் பெருக்கினால் 10 வாட். ரேடியோ பாடும் நேரமெல்லாம் அந்தப் பத்து வாட்டும் வெறும் சூடாகப் போகும். பெட்டியின் உட்புறம் ஓர் இடத்தில் மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு நேர் எதிரே டிராப்பர் இருக்கும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? டிரான்ஸ்பார்மர் செலவு மிச்சம், எடையும் குறைவு. டி.சி. கரண்ட் இருந்த இடங்களிலும் ஓடும். அதனால்தான் இதற்கு ஏ.சி./டி.சி. செட் என்று பெயர். ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மெயின்ஸின் இரண்டு ஒயரில் ஒன்று நேராகச் சேஸிஸோடு, அதாவது வால்வுகள் நிற்கும் தகரத் தட்டோடு சேர்ந்திருக்கும். ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சேஸிஸில் நியூட்ரல். திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க ஃபேஸ். உங்களுடையது இரண்டு பின் ப்ளக், எந்தப் பக்கமும் செருகலாம்.

இப்போது காணாமல் போன அந்தக் குமிழை நினைத்துப் பாருங்கள். குமிழ் இருந்த இடத்தில் ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டு சேஸிஸோடு சேர்ந்தது. ‘ரேடியோ பாடுதே’ என்று ஒரு குழந்தை அதைத் திருகப் போனால், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்குள் விரலை விட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. குமிழ் இருந்தாலும் அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதன் தலையிலும் கரண்ட் வரலாம். அந்தக் காலத்தில் கம்பெனியிலேயே அந்த ஓட்டையை மெழுகு வைத்து அடைத்து அனுப்புவார்கள். பெட்டிக்கு அடியில் சேஸிஸைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களும் இதே கணக்குதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த மாதிரி செட்டில் ரேடியோவின் ஸ்விட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சேஸிஸ் பக்கத்து ஒயராக இருந்து, ப்ளக்கும் சேஸிஸில் நியூட்ரல் வரும்படி செருகியிருந்தால், ரேடியோவை அணைத்த பிறகு ஃபேஸ் ஃபிலமெண்டுகள் வழியாக நடந்து சேஸிஸுக்கு வந்து நிற்கும். பாடும்போது ஷாக் அடிக்காத பெட்டி அணைத்ததும் அடிக்கும். ‘ஆஃப் பண்ணிட்டுத்தானே தொட்டேன்’ என்று சொன்ன இரண்டு பேரை எனக்குத் தெரியும். நல்ல வேளை, இரண்டு பேரும் சொல்வதற்கு இருந்தார்கள்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று: கத்தரிக்கோலை எடுத்து அந்த ப்ளக்கை வெட்டிவிடுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை. நூலுக்கு அடியில் இருக்கும் ரப்பர் இத்தனை வருஷத்தில் முறுக்குப் போல் பொடிந்திருக்கும். அந்த ஒயரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

மனிதருக்கு வரும் ஆபத்தை முதலில் சொன்னேன். ரேடியோவுக்கும் ஆபத்து இருக்கிறது. நான் தொழில் பழகிய காலத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து வால்வு செட் ஒன்று வந்தது. நாலைந்து வருஷம் மூலையில் கிடந்ததாம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல் செருகினேன். முக்கால் நிமிஷம் ஒன்றுமில்லை, அப்புறம் இரைச்சல், அப்புறம் திருச்சி வானொலி கணீரென்று. எனக்கு ஒரே பெருமை. வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டு டீ சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பாட்டு கரகரத்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் உள்ளே இருக்கும் தகடு கொல்லன் உலையில் வைத்த இரும்பு மாதிரி சிவந்திருந்தது. கையை நீட்டுவதற்குள் தார் உருகும் வாடை. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. அதைச் சுற்றிக் கொடுத்த செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பாடாத ரேடியோவைவிட, இரண்டு நிமிஷம் நன்றாகப் பாடும் ரேடியோதான் ஏமாற்றும்.

அன்றைக்கு நடந்ததற்குக் காரணம் விரல் தடிமன் உள்ள ஒரு காகிதக் கண்டன்சர். மெழுகில் தோய்த்த காகிதத்தையும் ஈயத் தாளையும் சுருட்டிச் செய்தது. உங்கள் செட்டில் அவுட்புட் வால்வு யு.எல். 84. அதற்கு முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு, அங்கிருக்கும் ஏறக்குறைய நூறு வோல்ட் டி.சி.யைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. நம் ஊர் ஈரத்தில் காகிதம் நமத்துப் போகும். நமத்தால் கசியும். கசிந்த பாசிட்டிவ் வோல்ட் அவுட்புட் வால்வின் கிரிட்டில், அதாவது உள்ளே கரண்டை அடக்கி வைக்கும் கம்பி வலையில் ஏறினால், அந்த வால்வு கடிவாளம் அறுந்த குதிரை. வால்வு போகும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போகும், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் வால்வு யு.ஒய். 85ம் கூடவே போகலாம். மூன்றையும் காப்பாற்றுவது பத்து இருபது ரூபாய் கண்டன்சர் ஒன்று.

‘மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், கண்டன்சர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தம்பி சொல்லலாம். மல்ட்டிமீட்டர் அதற்குக் கொடுப்பது உள்ளே இருக்கும் சின்ன பாட்டரியின் சில வோல்ட். இருநூறு வோல்ட்டில் கசிவது அதில் தெரியவே தெரியாது. காகிதக் கண்டன்சரை நான் சோதித்துப் பார்ப்பதே இல்லை. பார்த்ததும் மாற்றிவிடுவேன்.

சரி, உங்கள் ரேடியோவைப் பாட வைக்க முடியுமா? முடியும். எழுதியதைப் பார்த்தால் நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஐந்து வால்வும் இருக்கின்றன, இதற்கு முன் யாரும் கை வைத்த மாதிரி தெரியவில்லை. யாரும் கை வைக்காத செட் கிடைப்பதுதான் அபூர்வம். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாமல் செய்வதை நீங்களும் தம்பியும் செய்யலாம். கரண்ட் கொடுத்துச் செய்வதை வால்வு தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

முதலில் குமிழ்களைக் கழற்றி, அடி ஸ்க்ரூக்களை எடுத்து, சேஸிஸை வெளியே இழுங்கள். ஸ்பீக்கர் ஒயர் பெட்டியோடு சேர்ந்திருக்கலாம், அறுத்துவிடாதீர்கள். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். டயல் முள்ளை இழுக்கும் நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். நூல் அறுந்த பிறகு அதை ஊகித்துக் கட்டுவது இருக்கிறதே, நாற்பது வருஷம் இந்த வேலை பார்த்த எனக்கே இரண்டு மணி நேரம் பிடித்திருக்கிறது.

உள்ளே என்ன குடியிருக்கிறது என்று பாருங்கள். பல்லி முட்டை, குளவிக்கூடு, எலி கத்தரித்த துணி, எல்லாம் நான் பார்த்தவை. டியூன் செய்யும் கேங் கண்டன்சரின் தகடுகளுக்கு இடையே குளவி மண் வைத்திருந்தால் சுரண்டாதீர்கள். தகடு வளைந்தால் ஸ்டேஷன்கள் இடம் மாறிவிடும். பெயிண்ட் பிரஷ்ஷும் காற்றடிக்கும் பல்பும் போதும். ஈரத் துணி கூடாது. முக்கியமாக டயல் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தொடவே கூடாது. ஊர்ப் பெயர்களும் மீட்டர் எண்களும் அந்தப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். ஒரு தடவை ஈரத் துணியால் துடைத்தால் கொழும்பு, டெல்லி எல்லாம் துணியோடு வந்துவிடும். வால்வு மேல் இருக்கும் எழுத்தும் அப்படித்தான், விரல் பட்டாலே அழியும். சில பெட்டிகளில் சூடு தாங்குவதற்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு ஒட்டியிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைச் சுரண்டாமல், உரசாமல் அப்படியே விடுங்கள்.

வால்வுகளை ஆட்டி ஆட்டி எடுக்காமல் நேராக மேலே இழுங்கள். ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது கால்கள் வட்டமாகத் தெரியும், ஓர் இடத்தில் இடைவெளி பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியிலிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் எண்ணுங்கள். உங்களுடைய ஐந்து வால்விலும் ஃபிலமெண்ட் 4க்கும் 5க்கும் நடுவில். மல்ட்டிமீட்டரை ஓம்மில் வைத்து அந்த இரண்டு காலையும் தொட்டால் ஏதோ ஓர் எண் வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் அந்த வால்வு முடிந்தது. வால்வு கிடைப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். உங்களுக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே உடைந்த பெட்டி ஏதாவது கிடைத்தால் காணாமல் போன குமிழுக்கும் வழி பிறக்கும். வால்வின் கண்ணாடியில் பி.இ.எல். என்று இருந்தால் அது பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் சரக்கு. அவர்கள் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது 1961ல். அந்த வால்வுக்கு வயது அதற்கு மேல் இருக்க முடியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்ற வேண்டியவை. காகிதக் கண்டன்சர் அத்தனையும். அதே மதிப்பில், 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் ரகம் வாங்குங்கள். பழுப்பு நிற மைக்கா கண்டன்சரையும் பீங்கான் கண்டன்சரையும் தொட வேண்டாம், அவை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் அலுமினிய டப்பா மாதிரி நிற்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக். அதில் 32+32 அல்லது 50+50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். 33 அல்லது 47, 450 வோல்ட் வாங்கி அடியில் வைத்துவிடுங்கள். ‘பெரிசாப் போட்டா இரைச்சல் குறையும்’ என்று 220 போடுகிறவர்கள் உண்டு. யு.ஒய். 85 தாங்குவது 100 வரைதான். பழைய டப்பாவை அழகுக்காக மேலே அப்படியே நிறுத்தி வைக்கலாம், ஆனால் அதன் இணைப்பைப் பிரித்துவிட வேண்டும். பழையதன் மேலேயே புதியதைச் சேர்த்துப் பற்றவைத்தால் ஷார்ட் ஷார்ட்டாகவே இருக்கும்.

இரண்டு கண்டன்சர்களுக்குத் தனி மரியாதை. மெயின்ஸுக்குக் குறுக்கே ஒன்று இருக்கும். அது மெயின்ஸ் ஏ.சி.யை நேரே வாங்குவது, வெடிப்பதில் முதல் ஆள். அதற்கு எக்ஸ் 2 என்று முத்திரை போட்ட, 275 வோல்ட் ஏ.சி. தாங்கும் கண்டன்சர் வேண்டும். மற்றது, ஏரியல் சாக்கெட்டுக்கும் எர்த் சாக்கெட்டுக்கும் பின்னால் இருப்பது. மொட்டை மாடிக்குப் போகும் ஏரியல் கம்பியில் மெயின்ஸ் ஏறாமல் தடுப்பது அந்தக் குட்டிப் பொருள்தான். அதற்கு ஒய் ரகம். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று வேறொன்றைக் கொடுத்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

புது ஒயரை இரட்டை உறை போட்டதாக வாங்குங்கள். அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் வையுங்கள். மூன்று பின் ப்ளக் போட்டு, சேஸிஸ் பக்கத்து ஒயர் நியூட்ரல் பின்னுக்குப் போகும்படி கட்டலாம். ஆனால் எர்த் பின்னைச் சேஸிஸோடு சேர்க்கவே கூடாது. ‘மெட்டல் பாடி, எர்த் கொடுக்கணும்’ என்று வயரிங் செய்கிறவர் சொல்வார். ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் அது சரி. இங்கே சேஸிஸே மெயின்ஸ். நியூட்ரல் பின்னையும் முழுக்க நம்பாதீர்கள். நம் வீடுகளில் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கட்டியிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் ஒரு விநாடியில் தெரியும்.

இதுவரை கரண்ட் இல்லை. இனிமேல் நடப்பது மெக்கானிக் கையில், ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். முதலில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்: 230 வாங்கி அதே 230 கொடுப்பது. வோல்ட்டில் மாற்றம் இல்லாவிட்டாலும் தெருக் கம்பத்தோடு இருந்த உறவு அறுந்துவிடும், சேஸிஸைத் தொட்டாலும் தரை வழியாகக் கரண்ட் போகாது. இந்த செட் குடிப்பது நாற்பது ஐம்பது வாட்தான். இருந்தாலும் 150 வி.ஏ. அளவில் சுற்றச் சொல்லுங்கள், ஒற்றை ரெக்டிஃபையர் வால்வு உள்ள செட் டிரான்ஸ்பார்மரைக் கூடுதலாகச் சூடாக்கும். ‘என்னிடம் டிம்மர்ஸ்டாட் இருக்கு, அது போதும்’ என்று யாராவது சொன்னால் போதாது. டிம்மர்ஸ்டாட் வோல்ட்டைக் குறைக்கும், பிரித்து வைக்காது.

டிரான்ஸ்பார்மருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் சீரிஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. இதற்கு ஆகாது, ஃபிலமெண்ட் உள்ள பழைய பல்பேதான் வேண்டும். உங்கள் செட்டில் பல்பு மங்கலாக, செங்காவி நிறத்தில் எரிந்தால் நல்லது. பளிச்சென்று முழு வெளிச்சம் வந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணைக்க வேண்டும். செத்த மாதிரி இருந்தால் ஃபிலமெண்ட் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. பல்பு நடுவில் இருக்கும்வரை ரேடியோ தெம்பில்லாமல்தான் பாடும், அதைக் குறையென்று நினைக்க வேண்டாம். பத்து நிமிஷம் பல்போடு ஓடிய பிறகு பல்பை எடுத்துவிட்டு முழு கரண்ட். உடனே பார்க்க வேண்டிய ஒரே இடம் யு.எல். 84இன் 2ஆம் கால், அதாவது கிரிட். சேஸிஸிலிருந்து அங்கே பாசிட்டிவாக ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் வந்தாலும் நிறுத்திவிட்டு அந்தக் கண்டன்சரைத் திரும்பப் பார்க்க வேண்டும். எனக்குச் சம்பளம் போனது இங்கேதான்.

அளக்கும்போது ஒரு கை மட்டும். மற்றதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வார் என் முதலாளி. ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் சேஸிஸுக்கும், வால்வுகளுக்கு டி.சி. கொடுக்கும் எச்.டி. லைனுக்கும் நடுவில் இருநூறு வோல்ட் அப்படியேதான் இருக்கிறது. வீட்டு போர்டில், கரண்ட் தரைக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி.யும் அந்த இடத்தில் விழாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் எலெக்ட்ரோலிட்டிக்கில் கரண்ட் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணிப் பொறி பறக்கவிடுவது வேடிக்கைக்குச் சரி, வேலைக்கு ஆகாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி பிடித்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

மெக்கானிக் வால்வு தெரிந்தவர்தானா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ‘இந்த செட்டில் சேஸிஸ் எதோடு சேர்ந்திருக்கு?’ யோசிக்காமல் ‘மெயின்ஸோட’ என்றால் பெட்டியைக் கொடுங்கள். ‘எர்த்தோட’ என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்னொன்று, பாடத் தொடங்கிய பிறகு ‘இன்னும் நல்லாப் பாட வைக்கிறேன்’ என்று ஸ்டேஷன்களைப் பிரித்துக் கொடுக்கும் ஐ.எஃப். காயில்களின் மையத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டால் கையைப் பிடியுங்கள். ஆஸிலேட்டரும் மீட்டரும் இல்லாமல் அதைத் திருகியவர்கள் கெடுத்த செட்களைச் சரி செய்தே நான் பாதி வாழ்நாளைக் கழித்திருக்கிறேன்.

ப்ளூடூத் யோசனையைப் பற்றிக் கேட்டீர்கள். பெட்டி உங்களுடையது, முடிவும் உங்களுடையது. ஆனால் அவர் எடுத்துவிட்டு எடைக்குப் போடப்போகும் அந்தத் தகரத் தட்டுதான் ரேடியோ. மீதி இருப்பது நல்ல மரப்பெட்டி. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தனியாக வாங்கி ரேடியோவின் மேலே வைத்துக்கொள்ளுங்களேன். கண்டன்சர்களின் செலவு சில நூறு ரூபாயில் முடியும். டிரான்ஸ்பார்மர் சுற்றுவதுதான் பெரிய செலவு, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அதை வேலை முடிந்ததும் எடுத்துவிடாமல் ரேடியோவுக்குப் பின்னாலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ரக செட்டை வேறு எப்படியும் ஓட்டச் சொல்ல மாட்டேன்.

பின்பக்கம் ‘பிக்கப்’ அல்லது ‘கிராமபோன்’ என்று இரண்டு துளைகள் இருக்கும். அந்தக் காலத்தில் இசைத்தட்டுப் பெட்டியை மாட்டுவதற்கு. தம்பி அதைப் பார்த்ததும் மொபைலிலிருந்து ஒயர் போட்டுப் பாட்டுக் கேட்கலாம் என்று நினைப்பார், எல்லா இளைஞர்களும் நினைக்கிறார்கள். உங்கள் செட்டில் அந்தத் துளையில் மெயின்ஸ் இருக்கலாம். கையில் பிடிக்கும் மொபைலுக்கு அந்தக் கரண்ட் போகும். பின் அட்டையை மூடும்போது அந்தத் துளைகளை உள்பக்கமாக அடைத்துவிடுங்கள்.

பாடத் தொடங்கியதும் என்ன கேட்கலாம் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். தேவகோட்டையில் பகலில் திருச்சியைப் பிடிக்கலாம். மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸ். உங்கள் டயலில் மீட்டர் மட்டும் போட்டிருந்தால் 320க்குப் பக்கத்தில் மெதுவாகத் திருப்புங்கள். இருபது முப்பது அடி செம்புக் கம்பியை ஏரியலாகக் கட்டினால் போதும். பரணில் சல்லடை மாதிரி ஒரு செம்புப் பட்டை சுருண்டு கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், அதுதான் தாத்தா கட்டிய ஏரியல். கேட்கும்போது பக்கத்தில் இருக்கும் எல்.இ.டி. பல்பையும் மொபைல் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். பாதி இரைச்சல் ரேடியோவுடையது அல்ல என்பது தெரியும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் சேஸிஸின் மேல்பக்கம்தான் தெரிகிறது. வெளியே எடுத்ததும் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். டிராப்பரும், மெயின்ஸ் ஒயர் வந்து சேரும் இடமும், ஸ்விட்சின் கால்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஸ்விட்ச் ஒரு ஒயரைத் துண்டிக்கிறதா, இரண்டையுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் பற்றவைக்க வேண்டாம்.